என்எச்எல் அணியின் இளம் வீரர்களைத் தரவரிசைப்படுத்துவது எப்படி? டெட்ராய்ட் ரெட் விங்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் கோடை விடுமுறையில் விரும்பிச் செய்யும் வேலை ஒன்று உண்டு. தங்கள் அணி டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர நிகழ்வு) எடுத்து வைத்திருக்கும், இன்னும் வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் காலூன்றாத இளைஞர்களை ஒன்று முதல் இருபது வரை வரிசைப்படுத்துவது. அணி தோற்றுக்கொண்டே இருக்கும் வருடங்களில் இந்தப் பட்டியல்தான் ரசிகருக்குப் பிடிமானம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன்கள் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) ஆடிய அணி, அதன்பின் நீண்ட வறட்சியில் விழுந்தது. 2019இல் ஸ்டீவ் ஐசர்மன் பொது மேலாளராக வந்ததிலிருந்து அங்கே பேச்சே இளைஞர்களைப் பற்றித்தான். அதனால் இந்த வழிகாட்டிக்கு டெட்ராய்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். முறை எந்த அணிக்கும் பொருந்தும்.

பெரும்பாலான பட்டியல்கள் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. யார் நன்றாக ஆடுகிறார் என்று கேட்டு வரிசைப்படுத்துகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவரைக் கொடுத்து அவரை வாங்கிக்கொள்ளச் சொன்னால் சம்மதிப்பேனா? ஏழாவது இடத்தில் இருப்பவரை எட்டாவது இடத்தில் இருப்பவருக்காகக் கொடுக்க உங்களுக்கு மனம் வருகிறது என்றால் வரிசை தப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வதற்கான தயாரிப்பு.

முதலில் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்

யார் இளம் வீரர், யார் ஏற்கெனவே என்எச்எல் வீரர் என்பதற்கு ஒரு கோடு வேண்டும். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதின் விதி கைக்கு வசதியானது: முந்தைய எந்த ஒரு சீசனிலும் 25 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர் புதுமுகம் அல்ல. இதோடு வயது வரம்பாக 23 அல்லது 24 வைத்துக்கொண்டால் பட்டியல் சுத்தமாக இருக்கும். எந்தக் கோடு என்பது பெரிய விஷயம் இல்லை. ஒருவருக்காக அதை வளைக்காமல் இருப்பதுதான் விஷயம்.

ஒப்பந்தம் போடாதவர்களையும் சேர்க்க வேண்டும், ஆனால் உரிமை எப்போது காலாவதியாகும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். 2025 வரை இருந்த விதிப்படி, கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுத்தவருக்கு அணியின் கையில் இருந்தது இரண்டு வருடம். கல்லூரியில் ஆடுபவர் என்றால் படிப்பு முடியும் வரை அவகாசம் இருந்தது, ஆனால் படித்து முடித்தவர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடிந்தது. ஆடம் ஃபாக்ஸ் கதை இதற்குச் சரியான உதாரணம். 2016இல் கால்கரி 66ஆவது ஆளாக எடுத்தது, பிறகு உரிமை கரோலினாவுக்குப் போனது. அங்கே அவர் கையெழுத்திட மாட்டார் என்று தெரிந்ததும் 2019இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2021இல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான, அதாவது தற்காப்பு ஆட்டக்காரருக்கான, நோரிஸ் விருதை ஃபாக்ஸ் வாங்கினார். கையெழுத்து விழாத திறமைக்கு மதிப்பில் கொஞ்சம் கழிவு உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை

பெயர், பிறந்த தேதி, உயரம், எந்தக் கை ஆட்டக்காரர், ஆடும் லீக், டிராஃப்ட் வருடம், எத்தனையாவது ஆள். இதில் பலர் கவனிக்காமல் விடுவது பிறந்த தேதி. டிராஃப்டுக்குத் தகுதி பெற செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்ப வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, 2016இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். இந்த விதியால் ஒரே டிராஃப்டில் நிற்கும் இருவருக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். பதினெட்டு வயதில் ஒரு வருடம் என்பது உடம்பிலும் ஆட்டத்திலும் மிகப் பெரிய வித்தியாசம். அதே புள்ளிகளை எட்டு மாதம் இளையவர் எடுத்திருந்தால் அவருக்குத்தான் மதிப்பு அதிகம்.

எண்களைப் படிப்பது

ஹாக்கியில் ஒரு கோலுக்கும் ஓர் அசிஸ்டுக்கும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) தலா ஒரு புள்ளி. ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள்.

லீக்குக்கு லீக் புள்ளியின் மதிப்பு மாறும். கானர் பெடார்ட் 2022-23இல் கனடாவின் ஜூனியர் அணியான ரெஜைனாவுக்காக 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் எடுத்தார். அது 20 வயது வரையிலான பையன்களின் லீக். ஸ்வீடனின் எஸ்எச்எல்லில் முப்பது வயது ஆண்கள் மோதுகிறார்கள்; அங்கே ஆட்டத்துக்கு அரைப் புள்ளி எடுக்கும் 18 வயதுப் பையன் அபூர்வம். ஒரு லீக்கிலிருந்து என்எச்எல்லுக்கு வந்தவர்கள் வந்தபின் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்பதை வைத்து, லீக்குக்கு ஓர் எடை எண் கணக்கிட்டுப் பெருக்கும் முறை பரவலாக இருக்கிறது. பயன்படுத்துங்கள். கணக்குப் போடுபவரைப் பொறுத்து எண் மாறும் என்பதால், தோராயமான அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவுகோல் எங்கே பொய் சொல்லும்? லூகாஸ் ரேமண்ட் இதற்கு நல்ல பாடம். 2019-20இல், டிராஃப்டுக்கு முந்தைய சீசனில், ஃப்ரோலுண்டாவுக்காக எஸ்எச்எல்லில் 33 ஆட்டங்களில் அவர் எடுத்தது 10 புள்ளிகள்தான். காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். ஆனால் அந்தப் பெரிய அணியில் 17 வயதுப் பையனுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான், பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும் நேரம்) பெரிதாக இடமும் இல்லை. டெட்ராய்ட் அவரை நான்காவது ஆளாக எடுத்தது.

அடுத்த வருடம் இன்னும் சுவாரசியம். 2020-21இல் டெட்ராய்ட்டின் இரு விங்கர்கள் (ஓரத்தில் ஆடும் முன்கள வீரர்கள்) ஒரே லீக்கில் ஆடினார்கள். யோனத்தான் பெர்க்ரென் 49 ஆட்டங்களில் 45 புள்ளிகள். ரேமண்ட் 34 ஆட்டங்களில் 18. புள்ளிகளை மட்டும் பார்த்தவர் பெர்க்ரெனை மேலே வைத்திருப்பார். ஆனால் பெர்க்ரெனுக்கு 20 வயது, ரேமண்டுக்கு 18. ரேமண்ட் அடுத்த சீசனிலேயே என்எச்எல்லில் 57 புள்ளிகள் எடுத்தார். 2024-25இல் 80 எடுத்தார். பெர்க்ரென், என்எச்எல்லுக்கு அடுத்தபடி லீக்கான ஏஎச்எல்லுக்குப் போய் அங்கே நன்றாக ஆடினார், ஆனால் என்எச்எல்லில் நிலையான இடத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. ஒரே லீக், ஒரே சீசன் என்பதால் லீக் எடை இங்கே எதையும் சொல்லாது. வயதும் ஆட்ட நேரமும்தான் சொல்லும்.

அப்புறம், யாருடன் ஆடினார் என்று பாருங்கள். அலெக்ஸ் டெப்ரிங்காட் 2014-15இல் ஜூனியர் அணியான ஈரி ஓட்டர்ஸுக்காக 51 கோல் அடித்தபோது அந்த அணியில் பின்னாளின் என்எச்எல் நட்சத்திரம் கானர் மெக்டேவிட் இருந்தார். மெக்டேவிட் கொடுக்கிறார், இவர் அடிக்கிறார் என்ற சந்தேகம் நியாயம்தான். அடுத்த சீசனில் மெக்டேவிட் என்எச்எல்லுக்குப் போய்விட்டார். டெப்ரிங்காட் மறுபடியும் 51 அடித்தார். சந்தேகத்துக்குப் பதில் அங்கேயே இருந்தது. ஆனாலும் 5 அடி 7 அங்குல உயரம் பலரைத் தயங்க வைத்தது, 2016 டிராஃப்டில் 39ஆவது ஆளாகத்தான் போனார். சிகாகோவில் 41 கோல் சீசனை எட்டியவர், 2023இல் சொந்த மாநிலமான மிச்சிகனுக்கு, டெட்ராய்ட்டுக்கே வந்து சேர்ந்தார். சூழல் மாறியும் மாறாத எண்ணுக்கு நான் தனி மதிப்பு கொடுப்பேன்.

இன்னும் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டாம் அசிஸ்ட் எவ்வளவு, பவர் பிளே புள்ளிகள் எவ்வளவு. இரண்டாம் அசிஸ்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஜூனியரில் பவர் பிளேயின் நாயகனாக இருப்பவருக்கு என்எச்எல்லில் அந்த இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது ஐந்துக்கு ஐந்தாக ஆடும்போது என்ன செய்வார் என்பதுதான் மிச்சம்.

எண்ணே இல்லாதவர்களும் உண்டு. 2020-21இல் கோவிட் காரணமாக ஓஎச்எல் (ஒன்டாரியோ ஜூனியர் லீக்) சீசன் முழுக்க ரத்தானது. டெட்ராய்ட் நதிக்கு அக்கரையில் இருக்கும் வின்ட்சர் அணியின் வயட் ஜான்ஸ்டனுக்கு லீக் ஆட்டமே இல்லை; 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் மட்டும் தென்பட்டார். 2021 டிராஃப்டில் டெட்ராய்ட் தன் 23ஆவது தேர்வையும் வேறு இரண்டையும் டல்லாஸுக்குக் கொடுத்து, 15ஆவது இடத்துக்கு ஏறி கோல்கீப்பர் செபாஸ்டியன் கோஸாவை எடுத்தது. டல்லாஸ் அந்த 23ஆவது தேர்வில் ஜான்ஸ்டனை எடுத்தது. அடுத்த சீசனில் அவர் ஓஎச்எல்லில் 68 ஆட்டங்களில் 124 புள்ளிகள். அதற்கடுத்த வருடம் டல்லாஸுக்காக 24 கோல். தகவல் இல்லை என்பதைத் திறமை இல்லை என்று பதிவு செய்யாதீர்கள். அட்டையில் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

கண்ணால் பார்ப்பது

எண்கள் ஒருவரைப் பற்றிக் கேள்வி எழுப்பும். பதில் ஆட்டத்தில் இருக்கும். கோல் தொகுப்பு வீடியோக்களை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். அதில் ஒருவர் செய்த நல்லவை மட்டுமே இருக்கும். முழு ஆட்டம் பாருங்கள். அவர் பனியில் இருக்கும் ஷிஃப்டில் (ஒரு முறை உள்ளே வந்து ஆடும் நேரம்) பக்கை, அதாவது ஆடும் வட்டை, விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். ஓர் இளம் வீரர் பக்கைத் தொடும் நேரம் மிகச் சொற்பம். மிச்ச நேரத்தில் எங்கே நிற்கிறார், எப்போது திரும்பிப் பார்க்கிறார், களைத்தபோது பின்னால் ஓடி வருகிறாரா என்பதெல்லாம் புள்ளிப் பட்டியலில் வராது.

ஸ்கேட்டிங்கில் நேர்க்கோட்டு வேகத்தை விட முதல் மூன்று அடிகள் முக்கியம். திரும்பும்போது வேகம் செத்துப்போகிறதா என்று பாருங்கள். டிஃபென்ஸ்மேன் என்றால் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்து சட்டென்று முன்னோக்கித் திரும்பும் அந்த நொடி.

அடுத்தது ஆட்ட அறிவு. டிஃபென்ஸ்மேனிடம் இதைக் காண எளிய வழி ஒன்று. தன் மூலையில் பக்கை எடுக்கப் போகும்போது, அதைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேல் எத்தனை முறை பார்க்கிறார் என்று எண்ணுங்கள். பார்த்துவிட்டுப் போனவருக்கு அடுத்த பாஸ் தயாராக இருக்கும். பார்க்காதவர் முதுகில் அடி வாங்குவார், பக்கையும் இழப்பார்.

முன்கள வீரர் என்றால் கோலுக்கு நேர் முன்னே, அடி விழும் இடத்துக்குப் போகிறாரா, அல்லது ஓரத்திலேயே வட்டமிடுகிறாரா? ஜூனியரில் மூன்று பேரைத் தனியாக ஏமாற்றிப் போகும் வித்தை கைதட்டல் வாங்கும். என்எச்எல்லில் அதற்கு நேரம் கிடையாது. ஐரோப்பாவின் பல அரங்குகள் 30 மீட்டர் அகலம். என்எச்எல் தளம் சுமார் 26 மீட்டர்தான். அந்த நான்கு மீட்டர் குறையும்போது யாருடைய ஆட்டம் தாங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக் வந்தவுடன் தலை நிமிர்ந்து உடனே அடுத்ததைச் செய்பவரின் ஆட்டம் தாங்கும்.

குறைந்தது மூன்று ஆட்டங்கள், அதில் ஒன்று பலமான எதிரணியோடு. உலக ஜூனியர் போட்டியை எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும், ஆனால் பதக்கம் வரை போகும் அணிக்கே அது ஏழு ஆட்டங்கள்தான். ஜனவரியில் அதை வைத்து ஒருவரைப் பத்து இடம் ஏற்றுவது ஆபத்து. முடிந்தால் நேரில் போங்கள். டொராண்டோ பக்கம், குறிப்பாக ஸ்கார்பரோவில், இருக்கும் தமிழர்களுக்கு ஓஷாவா ஜெனரல்ஸ் அரங்கு தூரமே இல்லை. ஓஎச்எல் ஆட்டத்துக்கு என்எச்எல் டிக்கெட் விலையும் இல்லை. தொலைக்காட்சி காட்டாத ஆளை நேரில்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

என்ன வேலைக்கு வருவார்?

இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதுங்கள். எல்லாம் சரியாக அமைந்தால் என்ன ஆவார், பெரும்பாலும் என்ன ஆவார், அது நடக்காவிட்டால் என்ன ஆவார். ‘முதல் வரிசை விங்கர்’, ‘மூன்றாம் ஜோடி டிஃபென்ஸ்மேன், பெனால்டி நேரத்தில் நம்பலாம்’ என்று வேலையின் பெயராகவே எழுதுங்கள். ‘நல்ல திறமைசாலி’ என்று எழுதினால் பிறகு ஒப்பிட முடியாது.

மூன்றாவது வரி பலர் தவிர்ப்பது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் என்எச்எல்லில் நிலைப்பதில்லை. டெட்ராய்ட் ரசிகர்களுக்கு இதை ஏற்பது இன்னும் கடினம், ஏனென்றால் அவர்கள் அற்புதங்களைப் பார்த்தவர்கள். 1998இல் 171ஆவது ஆளாக டட்சுக், 1999இல் 210ஆவது ஆளாக ஜெட்டர்பெர்க்; இருவரும் பின்னாளில் நட்சத்திரங்கள். அந்த இரண்டு பெயர்களைச் சொல்லியே ஆறாம் சுற்று ஆளையெல்லாம் மேலே ஏற்றும் பழக்கம் உண்டு. அதே சுற்றுகளில் டெட்ராய்ட் எடுத்து, ஓர் என்எச்எல் ஆட்டம்கூட ஆடாமல் போனவர்களை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டிராஃப்ட் எண்ணுக்கு முதல் வருடம் நல்ல எடை கொடுங்கள். அணிகளுக்காக வீரர்களைத் தேடும் பல ஸ்கவுட்டுகள் பல மாதம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. ஒவ்வொரு வருடமும் அந்த எடையைப் பாதியாக்குங்கள். 2023இல் டெட்ராய்ட் ஒன்பதாவது ஆளாக நேட் டேனியல்சனையும் 201ஆவது ஆளாக எம்மிட் ஃபின்னியையும் எடுத்தது. 2025 அக்டோபரில் அணியின் தொடக்க ஆட்டத்துக்கே இடம்பிடித்தவர் ஃபின்னி.

இடத்தின் விலை

ஒரே தரத்தில் சென்டரும் (நடுவில் ஆடும் முன்கள வீரர்) விங்கரும் நின்றால் சென்டர் மேலே. வலக்கை டிஃபென்ஸ்மேன்கள் லீக்கில் குறைவு என்பதால் அவர்களுக்கும் விலை கூடுதல். மோரிட்ஸ் சைடர் வலக்கைக்காரர், 6 அடி 3 அங்குலத்துக்கும் மேல். 2019இல் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து அவரை ஆறாவது ஆளாக ஐசர்மன் எடுத்தபோது பலருக்கும் ஆச்சரியம். அந்த நாட்டின் முதன்மை லீக்கான டிஇஎல்லில் அவர் எடுத்திருந்தது 29 ஆட்டங்களில் 6 புள்ளிகள். ஆனால் 17 வயதில் பெரியவர்களின் லீக்கில் சாம்பியன் அணியின் டிஃபென்ஸில் நின்றவர். பிறகு ஏஎச்எல்லில் ஒரு சீசன், எஸ்எச்எல்லில் 41 ஆட்டங்களில் 28 புள்ளிகளோடு அந்த லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேன் பட்டம், 2022இல் கால்டர் விருது. டிஃபென்ஸ்மேனுக்கு 18 வயதுப் புள்ளிகள் எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கோல்கீப்பர்களைத் தனிப் பட்டியலாகப் போடுவதுதான் என் வழக்கம். அவர்கள் முதிர்வதற்கு நான்கைந்து வருடம் சாதாரணமாக ஆகும். கோஸா 2021இல் எடுக்கப்பட்டு, ஜூனியரில் ஒரு வருடம், டெட்ராய்ட்டின் கீழ்நிலை அணியான டொலிடோவில் பெரும்பாலும் ஒரு வருடம், பிறகு அதன் ஏஎச்எல் அணியான கிராண்ட் ராப்பிட்ஸ் என்று ஏறி, 2024 டிசம்பரில்தான் முதல் என்எச்எல் ஆட்டத்தைக் கண்டார். டஸ்டின் வுல்ஃப் 2019இல் 214ஆவது ஆள், உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்டவர். 2025 கால்டர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். ஒரே பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், கோல்கீப்பரை உங்கள் மனம் சொல்லும் இடத்திலிருந்து இரண்டு மூன்று படி கீழே வையுங்கள்.

அடுக்கு, பிறகு வரிசை

உடனே எண் போடாதீர்கள். முதலில் அடுக்குகளாகப் பிரியுங்கள். 2021 டிராஃப்ட் முடிந்த கையோடு டெட்ராய்ட்டை எடுத்தால், முதல் அடுக்கில் சைடரும் ரேமண்டும். இரண்டாவதில் அந்த வருடம் ஆறாவதாக வந்த சைமன் எட்வின்சன், கூடவே கோஸா. மூன்றாவதில் பெர்க்ரென், ஜோ வெலினோ, ஆல்பர்ட் யோஹான்சன் போன்றவர்கள். அடுக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் உண்மையான தகவல். இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவே பள்ளம் இருக்கலாம். ஐந்தாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் கிட்டத்தட்ட ஒரே தரமாக இருக்கலாம். வெறும் எண் இதை மறைத்துவிடும்.

அடுக்குக்குள் இருவர் இருவராக நிறுத்தி, தொடக்கத்தில் சொன்ன மாற்றுக் கேள்வியைக் கேளுங்கள். காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் இன்னும் ஓர் ஆட்டம் பாருங்கள். அணிக்கு இப்போது எது தேவை என்பதை இதில் கலக்காதீர்கள். இவர்கள் வந்து சேரும்போது தேவை மாறியிருக்கும்.

2018 டிராஃப்ட் இங்கே நினைவில் இருக்கட்டும். டெட்ராய்ட் ஆறாவது ஆளாக ஃபிலிப் ஸடினாவை எடுத்தது. ஹாலிஃபாக்ஸில் 57 ஆட்டங்களில் 44 கோல் அடித்தவர், அவ்வளவு கீழே கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஏழாவது ஆளாக வான்கூவர் எடுத்த க்வின் ஹியூஸ், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்திலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த, உயரம் குறைந்த டிஃபென்ஸ்மேன். ஹியூஸ் 2024இல் நோரிஸ் விருது வாங்கினார். ஸடினா 2023இல் டெட்ராய்ட்டை விட்டுப் போனார். கோல் கணக்கு ஒரு பக்கம், ஸ்கேட்டிங்கும் பக்கை வெளியே கொண்டுவரும் திறனும் மறுபக்கம். மாற்றுக் கேள்வியை இப்படிப்பட்ட ஜோடிகளில்தான் நிதானமாகக் கேட்க வேண்டும்.

எப்போது திருத்துவது

வருடத்துக்கு இரண்டு முறை போதும்: ஜனவரி இறுதியில் ஒன்று, டிராஃப்டும் கோடைப் பயிற்சி முகாமும் முடிந்ததும் ஒன்று. ஏஎச்எல்லில் இருப்பவரை அவசரப்பட்டு இறக்காதீர்கள். கென் ஹாலண்ட் பொது மேலாளராக இருந்த காலத்தில், பழம் மரத்திலேயே நன்றாகப் பழுக்கட்டும் என்பதுதான் டெட்ராய்ட்டின் கொள்கை. முன்கள வீரர்கள் டாடரும் நைக்விஸ்ட்டும் கிராண்ட் ராப்பிட்ஸில் காத்திருந்தார்கள். 2013இல் அந்த அணி ஏஎச்எல்லின் கால்டர் கோப்பையை வென்றபோது பிளேஆஃப் நாயகன் டாடர். அப்புறம்தான் இருவரும் டெட்ராய்ட்டின் நிரந்தர ஆட்டக்காரர்கள் ஆனார்கள். மறுபக்கம், இருபத்துமூன்று வயதில் ஏஎச்எல்லில் மூன்றாவது சீசன் ஆடிக்கொண்டு, அதே இடத்தில் நிற்பவர் இருந்தால் இறக்க வேண்டியதுதான்.

பழைய பட்டியலை அழிக்காமல் தேதி போட்டு வைத்திருங்கள். மூன்று வருடம் கழித்து அந்த ஒரு வரிக் காரணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரத்துக்கு அதிகம் கொடுக்கிறீர்களா, ஜூனியர் கோல்களில் மயங்குகிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும். பயிற்சியை இன்றே தொடங்க நினைத்தால் 2021 கோடையின் டெட்ராய்ட் அட்டைகளை, 2020-21 சீசன் வரையிலான எண்களை மட்டும் வைத்துத் தயார் செய்யுங்கள். அடுக்கு பிரித்துக் காரணம் எழுதி முடித்தபிறகு பின்னால் வந்த சீசன்களைத் திறந்து பாருங்கள்.